நுகம் தெரிந்தவருக்கு சைகோற் புதிதல்ல

உயர்தர உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு மருத்துவபீடம் போகிற பிள்ளைகள் முதல் கிழமையே ஒரு புதுக் கொப்பி வாங்குவார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், பிறகு விடிய விடியப் பாடமாக்கல். பாதி வீண்வேலை. அந்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பங்கு கிரேக்கம். எங்கள் பாடநூற் கலைச்சொற்கள் பலவும் அந்தக் கிரேக்கத்தின் நேர்த் தமிழ்.

சைகோற்றைப் பாருங்கோ. கிரேக்கத்தில் சைகோன் என்றால் மாட்டைப் பூட்டும் நுகம். இரண்டு புணரிகள் (விந்தும் முட்டையும்) ஒன்றாகப் பூட்டப்பட்டது சைகோற். நாங்கள் படித்ததும் நுகம்தான். மைற்றோஸ் என்றால் இழை, கொண்ட்ரியோன் சிறுமணி: மைற்றோகொண்ட்ரியா, இழைமணி. அதே இழைதான் மைற்றோசிஸ் என்ற இழையுருப்பிரிவிலும் இருக்கிறது. குரோமா நிறம், சோமா உடல்: குரோமோசோம், நிறமூர்த்தம். எல்லாவற்றிலும் அழகு சைற்றோபிளாசம். கைற்றோஸ் என்றால் உட்குழிந்த பாத்திரம், பிளாஸ்மா என்றால் வனைந்த உரு. குழியவுரு! பள்ளிக்கூடத்தில் வாய்க்குள் நுழையாத சொல் என்று நாங்கள் சிரித்த சொல், கிரேக்கத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

வார்ட்டில் வரும் நீளச் சொற்களை வாலில் இருந்து வாசிக்க வேண்டும். ஹெப்பற்றோஸ்பிளீனோமெகலி: மெகலி பெருத்தல், ஸ்பிளீன் மண்ணீரல், ஹெப்பற் ஈரல். ஈரலும் மண்ணீரலும் பெருத்திருக்கின்றன, அவ்வளவுதான். இடையில் வரும் 'ஓ' வேரின் பகுதி அல்ல, ஒட்டு. தமிழில் மணி, அடித்தான் என்ற இரண்டு உயிர்களுக்கு நடுவே யகர மெய் வந்து மணியடித்தான் ஆவதுபோல, அங்கே மெய்களுக்கு நடுவே ஓர் உயிர் வருகிறது. பின்னால் வரும் விகுதி உயிரில் தொடங்கினால் அந்த ஓ விழும்: கஸ்ரோஸ்கொப்பி (இரைப்பைக்குள் பார்த்தல்), ஆனால் கஸ்ரைற்றிஸ் (இரைப்பை அழற்சி). கஸ்ரோவே வேர் என்று பாடமாக்கியவர்கள்தான் 'கஸ்ரோஐற்றிஸ்' என்று எழுதிவிட்டு முழிப்பது. ஒரு விலக்கு உண்டு. இரண்டு உறுப்புப் பெயர்கள் சேரும்போது பின்னது உயிரில் தொடங்கினாலும் ஓ நிற்கும்: கஸ்ரோஎன்ரறைற்றிஸ், இரைப்பையும் குடலும் அழன்ற நிலை.

சத்திரசிகிச்சைச் சொற்களில் மூன்று வால்கள் குழப்பும். ஒற்றமி என்றால் வெட்டித் திறத்தல். எக்ரமி என்றால் வெட்டி வெளியே எடுத்தல். 'எக்' என்பது வெளியே. ஒஸ்ரமி என்றால் வாய் வைத்தல், ஏனென்றால் ஸ்ரோமா என்பது வாய். இலைவாய்க்கு ஆங்கிலத்தில் ஸ்ரோமா என்று படித்தோமே, அதே சொல். கொலொஸ்ரமி என்பது பெருங்குடலுக்கு வயிற்றுச் சுவரில் ஒரு வாய். ஒரு 'ஸ்' விட்டுப்போனால் வேறு சிகிச்சை.

ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் வேகமாகச் சொன்னால் காதில் ஒன்றாகத்தான் விழும். நீரிழிவுக்காரருக்கோ ஒன்றில் சீனி கொடுக்க வேண்டும், மற்றதில் கொடுக்கக் கூடாது. ஹைப்பர் மேல். ஹைப்போ கீழ், வடமொழி உப அதன் உடன்பிறப்பு. உப தபாலகத்தை நினைத்தால் மறக்காது. சீனி கொடுக்க வேண்டியது ஹைப்போகிளைசீமியா. ஹைப்போ, கிளைக், ஈமியா: குறைவு, இனிப்பு, இரத்தம்.

எதிர்மறைக்கு மெய்முன் அ, உயிர்முன் அன். அசெப்சிஸ் (கிருமித்தொற்று இன்மை), அனீமியா (இரத்தச்சோகை). இதுவும் எங்களுக்குப் பழக்கந்தான்: அதர்மம், அனர்த்தம். அனர்த்த முகாமைத்துவம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும்போது அன் + அர்த்தம் என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கோ.

இலத்தீன் வந்து கலக்கிற இடங்களில்தான் கவனம் வேண்டும். ஹோமோசைகஸில் உள்ள ஹோமோ கிரேக்கம், 'ஒரே'. ஹோமோ சேப்பியன்ஸில் உள்ளது இலத்தீன், 'மனிதன்'. அன்ரிபயோட்டிக்கின் அன்ரி கிரேக்கம், எதிர். கர்ப்பிணிகள் போகும் அன்ரிநேற்றல் கிளினிக்கின் அன்ரி இலத்தீன், முன்; ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னதில் ஐ, பின்னதில் ஈ. (மாமியைக் கூப்பிடும் அன்ரி இந்தக் கணக்கில் இல்லை.)

வேர் சொல்வதெல்லாம் உடலியல் ஆகிவிடாது. ஒட்சிசன் என்றால் 'அமிலம் பிறப்பிப்பது'. எல்லா அமிலங்களிலும் அது இருக்கும் என்று பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே நம்பி வைத்த பெயர். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் கிடையாது. நாடியைக் குறிக்கும் ஆட்டரிக்கும் அதே கதை. இறந்த உடலில் நாடிகள் வெறுமையாய்க் கிடந்ததால் அவை காற்றுக் குழாய்கள் என்று பழைய கிரேக்கர் எண்ணினார்கள்; ஆர்ட்டீரியா என்ற சொல் வாதனாளிக்கும் (மூச்சுக்குழாய்) வழங்கியது. பரீட்சைத்தாளில் அந்த வேரை நம்பி விடை எழுதினால் புள்ளி கிடைக்காது.