ஏற்காட்டு அடிவாரத்தில் ஒரு பால் சொசைட்டி

ஏற்காடு போகிறவர்கள் யாரும் வழியில் பால் சொசைட்டியைப் பார்க்க வண்டியை நிறுத்த மாட்டார்கள். நாங்கள் நிறுத்தினோம். கூட வந்த நண்பன் சேலத்துக்காரன்தான், நியூசிலாந்தில் வைகாட்டோ பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை, கோரிமேடு தாண்டியதுமே "நம்ம ஊர்ல இப்ப எப்படிப் பால் எடுக்கறாங்கன்னு பார்த்துட்டுப் போலாம்டா" என்று ஆரம்பித்துவிட்டான்.

காலை ஆறரை மணி. எக்ஸெல் வண்டியில் கேன் கட்டி வருகிறவர் சிலர், தூக்குவாளியோடு நடந்து வருகிறவர்கள்தான் நிறைய. ஆளுக்கு 3 லிட்டர், 5 லிட்டர். கொஞ்சம் சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று சீட்டு வருகிறது, அதை வைத்துத்தான் விலை. அங்கேயும் கொழுப்பும் புரதமும் எத்தனை கிலோ என்று பார்த்துத்தான் காசு என்றான் நண்பன். கேட்டுக்கொண்டிருந்த ஆயா ஒருவர், "அங்க ஒருத்தருக்கு எத்தனை மாடு கண்ணு?" என்றார்.

"400-க்கு மேலங்க ஆயா."

"அத்தனைக்கும் யாரு சாணி அள்றது?"

"யாரும் அள்றதில்லைங்க. மாடு வருஷம் முச்சூடும் புல்லுக்காட்டுலயே மேயும்."

ஆயா நம்பவில்லை. அவருடைய ரெண்டு மாட்டுக்கும் தவிடு, புண்ணாக்கு, அப்புறம் சேகோ மில்லில் வாங்குகிற கிழங்குத் திப்பி, எல்லாமே காசு.

உலகத்துப் பாலில் கிட்டத்தட்ட கால் பங்கு நம்முடையது, 2023-24-இல் சுமார் 23.9 கோடி டன். நியூசிலாந்து நம்மில் பத்தில் ஒரு பங்குகூடக் கறப்பதில்லை. ஆனால் கறப்பதில் 95 சதவீதத்தைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் வெளிநாட்டுக்கு விற்றுவிடுகிறது. நாம் கறப்பது நம் டீக்கும் தயிருக்குமே சரியாகப் போய்விடுகிறது. மேடையில் 'உலகில் முதலிடம்' என்று முழங்குவதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, நம்மிடம் மாடும் எருமையும் அதிகம், அவ்வளவுதான். அங்கே ஒரு மாடு வருஷத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல் கறக்கிறது.

ஆனால் வெளிநாட்டை நம்பிப் பிழைப்பதிலும் அடி உண்டு. 2013-14-இல் அங்கே பெரிய கூட்டுறவு நிறுவனமான ஃபான்டெரா ஒரு கிலோ பால் சத்துக்கு (கொழுப்பும் புரதமும்) 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது. சீனா வாங்குவதைக் குறைத்தது, ரஷ்யா ஐரோப்பியப் பாலுக்குத் தடை போட்டது, ஐரோப்பாவிலும் பால் பெருகியது, 2015-16-இல் அதே கிலோ 3.90-க்கு வந்துவிட்டது. பண்ணைக்காரர்கள் கடனில் தவித்தார்கள். ஆயாவுக்குச் சீனாவைப் பற்றிக் கவலையில்லை. திப்பி விலையும் சென்னையில் அறிவிக்கிற கொள்முதல் விலையும்தான் கவலை.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை சண்டைதான். 1970-இல் வெண்மைப் புரட்சியைத் தொடங்கும்போது ஐரோப்பா தானமாகக் கொடுத்த பவுடரை விற்ற காசில்தானே சொசைட்டிகளை வளர்த்தோம், அப்புறம் 2019-இல் மட்டும், நியூசிலாந்தும் சேர்ந்த, இறக்குமதி வரியைக் குறைக்கிற ஆர்செப் வணிக ஒப்பந்தத்திலிருந்து ஏன் ஒதுங்கினோம் என்பது அவன் கேள்வி. அன்றைக்கு வந்த பவுடர் எவ்வளவு, எங்கே போகவேண்டும் என்பது வெண்மைப் புரட்சியை நடத்திய குரியன் கையில் இருந்தது, வரியில்லாமல் வருகிற பவுடருக்கு அப்படி யார் இருக்கிறார்கள், 5 லிட்டர் ஊற்றுகிறவர் விலையில்தான் முதலில் கைவைக்கும் என்றேன். "சரி, அந்த ஆயாவோட பேரன் மாடு வளர்ப்பானா, அதைச் சொல்லு" என்றான்.