ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரர்: 401 வந்தால் பாலிசியைத் திருத்த ஓடாதீர்கள்

ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரர் என்பது அமேசான் கிளவுடின் (ஏடபிள்யூஎஸ்) அக்கவுண்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் சேவை. அதை அமைப்பது ஒரு மதிய வேலை என்று கணக்குப் போட்டது ஐந்து நாளை விழுங்கியது. அதில் இரண்டு நாள் சுத்தமாக வீண். அந்த இரண்டு நாள் வேறு யாருக்கும் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சரியாக நடந்தவற்றை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறேன், அவை யாருக்கும் சிக்கலாக இருக்காது.

தேவை இதுதான். ஒரே ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட். இயல்பாகவே திறந்திருக்கும் 17 ரீஜன் (டேட்டா சென்டர்கள் உள்ள பகுதிகள்). டேக் (யாருடையது, எதற்கு என்று ஒட்டும் பெயர்ச்சீட்டு) இல்லாமல் கிடக்கும் எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு பட்டியல், ஸ்கிரிப்ட் வழியாக, ஆள் கை படாமல். கிளப்பிவிட்டது பில். 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். மெஷினில் மாட்டியிருந்தாலும் சும்மா கிடந்தாலும் அதே கட்டணம், ஒன்றுக்கு மாதம் ஏறக்குறைய 3.60 டாலர். தொகை சின்னதுதான். ஆனால் பில்லில் அந்த வரி தனியாகத் தெரிய ஆரம்பித்ததும், "இதெல்லாம் எங்கே இருக்கு, யார் போட்டது?" என்ற கேள்வி வந்துவிட்டது.

முதல் சறுக்கல் டேகிங் ஏபிஐ (டேக்குகளை ஸ்கிரிப்ட் வழியாகக் கேட்கும் வாசல்). பெரும்பாலோர் கை முதலில் போவது அதன் ‘கெட்-ரிசோர்சஸ்’ பக்கம்தான், ஸ்கிரிப்டும் பத்து வரியில் முடிந்துவிடும். டேக் இல்லாத பொருளைத் தேடி அங்கே போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: இப்போது டேக் உள்ளவை, முன்பு எப்போதாவது டேக் இருந்தவை, இவை இரண்டை மட்டுமே அது காட்டும். பிறந்த நாளிலிருந்து டேக்கே பார்க்காத வால்யூம் (மெய்நிகர் டிஸ்க்) அதன் கண்ணில் படவே படாது. பட்டியல் அழகாக வரும், நாம் தேடுவது மட்டும் இருக்காது. போதாக்குறைக்கு, நடுவில் ஒரு பக்கம் காலியாக வந்து அடுத்த பக்கத்துக்கான டோக்கன் மட்டும் கையில் இருக்கும். காலிப் பக்கத்தைக் கண்டதும் லூப்பை நிறுத்தினால் மீதியும் போச்சு. டோக்கன் தீரும்வரை ஓட்ட வேண்டும்.

பொருள்களின் அமைப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் நல்ல மாற்றுதான். ஆனால் அது பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு கேட்கும். ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரருக்குக் கட்டணம் கிடையாது. 2022 நவம்பரில் வந்தது, இந்த வேலைக்கே பிறந்தது. அதையே எடுத்துக்கொண்டோம்.

ரீஜன் தோறும் ‘கிரியேட்-இண்டெக்ஸ்’ (அங்குள்ள பொருள்களின் தேடல் அட்டவணையை உருவாக்கும் அழைப்பு) ஓட்டியதில் பெரும்பாலான ரீஜன்கள் சத்தமில்லாமல் முடிந்தன. முதல் முறை ஓட்டும் ரோலுக்கு (அனுமதிகள் கட்டிய அடையாளம்) சர்வீஸ்-லிங்க்டு ரோல் (சேவை தானே பயன்படுத்தும் ரோல்) உருவாக்கும் அனுமதியும் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அழைப்பு உடனே திரும்பிவிடும், வேலை பின்னால் நடக்கும். ‘கெட்-இண்டெக்ஸ்’ கேட்டு நிலை ‘ஆக்டிவ்’ ஆகும்வரை காத்திருங்கள். ஆக்டிவ் என்றால் இண்டெக்ஸ் தயார் என்று மட்டுமே பொருள். உள்ளே எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் இரவு விட்டுப் பிடிப்பது உத்தமம்.

பிறகு முதல் தேடல். ஒரு சாதாரண ‘சர்ச்’ அழைப்பு. பதில்: 401, அன்ஆதரைஸ்டு.

401 என்று பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது அனுமதிப் பிரச்சினை. எங்கள் ரோலுக்கு அனுமதி தருவது வேறொரு குழு. அவர்களிடம் டிக்கெட் போட்டால் ஒரு நாள் கழித்துத்தான் எடுப்பார்கள். எடுத்தார்கள். அனுமதிகளைச் சோதிக்கும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, "எல்லாம் அலவ்டுதான், உங்கள் ஸ்கிரிப்டைப் பாருங்கள்" என்று மூடினார்கள். மறுபடி திறந்து, ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரரின் முழு அனுமதி பாலிசியையே தற்காலிகமாக ஒட்டச் சொன்னோம். இன்னொரு நாள். ஒட்டினார்கள். அதே 401.

காரணம் பாலிசியில் இல்லவே இல்லை. இந்தச் சேவையில் எந்தத் தேடலும் ஒரு ‘வியூ’ (எதைத் தேடலாம், என்ன காட்டலாம் என்ற அமைப்பு) வழியாகத்தான் போகும். அழைப்பில் வியூவின் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ் பொருளின் முழு அடையாளப் பெயர்) கொடுக்காவிட்டால் அந்த ரீஜனின் டிஃபால்ட் வியூவை எடுத்துக்கொள்ளும். டிஃபால்ட் வியூவே இல்லை என்றாலும் 401, இருந்து அதைத் தொட அனுமதி இல்லை என்றாலும் அதே 401. கன்சோலில் விரைவு அமைப்பைத் தட்டினால் வியூவும் சேர்ந்தே வந்துவிடும், அதனால் அந்த வழியில் போனவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏபிஐ வழியில் இண்டெக்ஸ் போட்டால் வியூ வராது. ‘கிரியேட்-வியூ’, பிறகு ‘அசோசியேட்-டிஃபால்ட்-வியூ’ இரண்டையும் நாம்தான் ஓட்ட வேண்டும்.

ஆகவே 401 வந்தால் முதல் வேலை ‘கெட்-டிஃபால்ட்-வியூ’. பதிலில் ஏஆர்என் இல்லாவிட்டால் வியூவைப் போடுங்கள். இருந்தால் மட்டும் அனுமதிக் குழுவிடம் போங்கள், அப்போதும் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: அந்த வியூ மீது ‘சர்ச்’, ‘கெட்-வியூ’. டிக்கெட் போடும் முன் பத்து வினாடியில் முடியும் சோதனை இது. அந்தக் குழுவைக் குறை சொல்லி எழுத ஆசைதான், ஆனால் இந்த முறை அவர்கள் சொன்னது சரி.

வியூவின் ஏஆர்என் கடைசியில் ஒரு யுயுஐடி (தனித்துவ அடையாள எண்) ஒட்டிக்கொண்டிருக்கும். அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் யுயுஐடி மாறும், முழு ஏஆர்என் எழுதிவைத்த பாலிசியும் ஸ்கிரிப்டும் சேர்ந்து படுத்துவிடும். பாலிசியில் வியூ பெயருக்குப் பின் நட்சத்திரக் குறி போடுங்கள். ஸ்கிரிப்டில் ‘லிஸ்ட்-வியூஸ்’ கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வியூ மீது அனுமதி பெற்றவர், உள்ளிருக்கும் பொருள்கள் மீது எந்த அனுமதியும் இல்லாவிட்டாலும் அவற்றின் பெயரையும் டேக்கையும் பார்த்துவிடுவார். டேக்கில் வாடிக்கையாளர் பெயர் எழுதும் பழக்கமுள்ள இடங்களில் இதை யோசித்துக் கொடுங்கள்.

டேக் பற்றி: வியூ உருவாக்கும்போது ‘இன்க்ளூடட் பிராபர்டீஸ்’ பகுதியில் ‘டேக்ஸ்’ சேர்க்காவிட்டால் முடிவுகளில் டேக் எதுவும் வராது. எங்கள் முதல் வியூ அப்படித்தான் பிறந்தது. டேக் வைத்துத் தேடவே வியூ போட்டோம், வியூவில் டேக் இல்லை. நல்லவேளை, ‘அப்டேட்-வியூ’ போதும், அழித்து உருவாக்க வேண்டியதில்லை.

அடுத்த இழப்பு முழுக்க முழுக்க சொந்தக் கவனக்குறைவு. ரீஜன் ரீஜனாகத் தேடாமல் ஒரே இடத்தில் தேட, ஏதாவது ஓர் இண்டெக்ஸை அக்ரிகேட்டர் (மற்ற ரீஜன்களின் நகலைத் திரட்டும் இண்டெக்ஸ்) ஆக்க வேண்டும், அக்கவுண்டுக்கு ஒன்றுதான். பழக்க தோஷத்தில் வடக்கு வர்ஜீனியாவை உயர்த்திவிட்டோம். ஸ்கிரிப்ட் ஓடப்போவதும் வியூ இருப்பதும் மும்பையில். மாற்றிவிடலாமே என்று கீழிறக்கியதும்தான் தெரிந்தது, இன்னொன்றை உயர்த்த 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கெஞ்ச ஆளில்லை, டிக்கெட் போடவும் இடமில்லை. அக்ரிகேட்டர் எங்கே என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கையை வையுங்கள். உயர்த்திய பிறகு அதே ‘கெட்-இண்டெக்ஸ்’ பதிலில் ‘ரெப்ளிகேட்டிங் ஃப்ரம்’ பட்டியலை எண்ணிப் பாருங்கள். 17 ரீஜன் என்றால் அதில் 16 இருக்க வேண்டும். எங்களுக்கு 13 இருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லா ரீஜனிலும் இண்டெக்ஸ் வேண்டாம், நாம் புழங்கும் இரண்டு மூன்று போதும் என்று நினைப்பவர்கள் வடக்கு வர்ஜீனியாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐஏஎம் (அனுமதி மேலாண்மை) ரோல், யூசர் போன்ற, எந்த ஒரு ரீஜனையும் சேராத குளோபல் பொருள்கள் அந்த இண்டெக்ஸ் வழியாகத்தான் வரும். தேடும்போது அவற்றுக்கு ரீஜன் ‘குளோபல்’.

இனி இந்தச் சேவையிலேயே என்னை அதிகம் உறுத்திய இடம். ஒரு தேடல் 1,000 முடிவுக்கு மேல் தராது. பக்கம் பக்கமாக டோக்கன் பிடித்துப் போனாலும் மொத்தம் 1,000தான். பிழை ஏதும் வராது. பட்டியல் ஒழுங்காக முடிந்தது போலவே இருக்கும். உண்மையைச் சொல்வது பதிலில் ‘கவுண்ட்’ உள்ளே இருக்கும் ‘கம்ப்ளீட்’ என்ற ஒற்றைப் புலம். அது ஃபால்ஸ் என்றால் வெளியே இன்னும் இருக்கிறது என்று பொருள். மொத்த எண்ணிக்கைப் புலத்தை நம்ப வேண்டாம், அதுவும் 1,000-லேயே நின்றுவிடும். சரியாக 1,000 வரி உள்ள ஓர் அறிக்கையைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

தீர்வு, கேள்வியை உடைப்பது. கம்ப்ளீட் ஃபால்ஸ் என்றால் ரீஜன் வாரியாக. அப்போதும் ஃபால்ஸ் என்றால் சர்வீஸ் வாரியாக. பிறகு ரிசோர்ஸ் டைப் வாரியாக. இதைத் தன்னைத்தானே அழைக்கும் ஒரு ஃபங்ஷனாக எழுதினால் இருபது வரி. ஒரே ரீஜனில் ஒரே வகையே ஆயிரத்தைத் தாண்டுவது பெரும்பாலும் ஈபிஎஸ் ஸ்னாப்ஷாட் (வால்யூமின் காப்புப் பிரதி) தான். அதற்கு மட்டும் இந்தச் சேவையை விட்டுவிட்டு ‘டிஸ்கிரைப்-ஸ்னாப்ஷாட்ஸ்’ அழைத்தோம். ஓனர் ‘செல்ஃப்’ என்று போட மறந்தால் ஊரில் உள்ள பொது ஸ்னாப்ஷாட்டெல்லாம் வந்து விழும்.

தேடல் மொழியில் மூன்று இடறல். வெறும் சொற்களை இடைவெளி விட்டு எழுதினால் ‘அல்லது’. ஃபில்டர்களை இடைவெளி விட்டு எழுதினால் ‘மற்றும்’. ஒரு ஃபில்டருக்குள் காற்புள்ளி போட்டால் மறுபடி ‘அல்லது’. வெறும் சொல்லை வைத்து எதையும் வடிகட்ட நினைக்காதீர்கள், ஸ்கிரிப்டில் எல்லாம் ஃபில்டராகவே இருக்கட்டும். அடுத்தது, ‘டேக்:நன்’ மட்டும் போட்டால் டேக் போடவே முடியாத வகைகளும் சேர்ந்து வரும், கூடவே ‘ரிசோர்ஸ்டைப்.சப்போர்ட்ஸ்:டேக்ஸ்’ சேர்க்க வேண்டும். கமாண்ட் லைனில் ‘--கொரி’ என்பது வந்த பதிலை வடிகட்டும் ஜேஎம்ஈஎஸ்பாத், தேடலுக்கு ‘--கொரி-ஸ்ட்ரிங்’. அந்தக் கொரி கழித்தல் குறியில் தொடங்கினால் அதையும் ஓர் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் சமக்குறி போட்டு ஒட்டி எழுதுங்கள்.

முதல் முழுப் பட்டியல் வந்தபோது சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். பாதி குப்பை. ரீஜன் ஒவ்வொன்றிலும் டிஃபால்ட் விபிசி (தனி நெட்வொர்க்) ஒன்று, அதற்கு மூன்று நான்கு சப்நெட், ரூட் டேபிள், நெட்வொர்க் ஏசிஎல், செக்யூரிட்டி குரூப், இன்டர்நெட் கேட்வே, டிஹெச்சிபி ஆப்ஷன்: ரீஜனுக்கு ஏறக்குறைய ஒன்பது பத்து என்று 17 ரீஜனுக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். எதற்கும் டேக் கிடையாது, எதற்கும் காசும் கிடையாது. அந்த வகைகளைத் தூக்கி வேறு அறிக்கையில் போட்டுவிட்டு, பில்லில் ஏறும் வகைகளை மட்டும் முதல் பக்கத்தில் வைத்தோம்: எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது முகவரி), வால்யூம், நாட் கேட்வே, லோட் பேலன்சர், ஆர்டிஎஸ் (டேட்டாபேஸ்).

முடிவில் வருவது ஏஆர்என், அக்கவுண்ட் எண், சர்வீஸ், வகை, ரீஜன், டேக், கடைசியாகப் பதிவான நேரம். அவ்வளவுதான். வால்யூம் எத்தனை ஜிபி, எதிலாவது மாட்டியிருக்கிறதா என்பதெல்லாம் கிடையாது. அதற்கு அந்தந்த சர்வீஸின் டிஸ்கிரைப் அழைப்புதான் வழி. அழித்த பொருளும் கொஞ்ச நேரம் பட்டியலில் நடமாடும், அதனால் அறிக்கைக்கு அனுப்பும் முன் ஒரு டிஸ்கிரைப் சோதனை கட்டாயம். ரீஜனை ஏஆர்என்னை உடைத்து எடுக்க வேண்டாம். எஸ்3 (ஃபைல் சேமிப்பு) பக்கெட்டின் ஏஆர்என்னில் ரீஜனும் இல்லை, அக்கவுண்ட் எண்ணும் இல்லை. ரீஜன் தனிப் புலமாகவே வருகிறது. ஒரு வகை பட்டியலில் வரவே இல்லை என்றால் ‘லிஸ்ட்-சப்போர்ட்டட்-ரிசோர்ஸ்-டைப்ஸ்’ பாருங்கள், அதில் இல்லாத வகை எத்தனை நாள் காத்தாலும் வராது.

இப்போது அந்த 13. மூன்று ரீஜனில் கிரியேட்-இண்டெக்ஸே மறுக்கப்பட்டிருந்தது, இது 403. காரணம் ரீஜனைத் தடுக்கும் எஸ்சிபி (நிறுவனம் அக்கவுண்டுகள் மீது போடும் மேல்மட்டத் தடை). ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைப் பதிவில் எழுதிவிட்டு அடுத்த ரீஜனுக்குப் போயிருக்கிறது, யாரும் பதிவைப் பார்க்கவில்லை. "தடுத்த ரீஜனில் என்ன இருக்கப்போகிறது?" என்று விட்டுவிட எல்லாருக்கும் ஆசை. ஆனால் எஸ்சிபி இனி வரும் அழைப்புகளைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருப்பதைத் துடைக்காது, பில்லையும் நிறுத்தாது. சர்வீஸ்-லிங்க்டு ரோலை எஸ்சிபி தொடாது என்பதால் இண்டெக்ஸ் வேலை தானாக நடக்கும். நாம் செய்யும் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் விலக்கு வேண்டும். எஸ்சிபியின் ‘நாட்-ஆக்‌ஷன்’ பட்டியலில் ஒரு வரி. அதற்கு ஒரு டிக்கெட், ஒரு நாள்.

விலக்கு வந்தது, 16 ஆனது, மறுநாள் தேடினோம். டேக் இல்லாத எலாஸ்டிக் ஐபிகளில் பாதிக்கு மேல் அந்த மூன்று ரீஜனில்தான். மும்பையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகின்றன. விடுவிக்கப் போனால் எஸ்சிபி மறுக்கிறது. அடுத்த டிக்கெட் போட்டாயிற்று.