நடுக்குழியில் ஆறு கால்: பூச்சி பொம்மை நாட்குறிப்பு

ஜூன் 3

பிள்ளைகளோடு பூச்சி பொம்மை செய்யத் தொடங்கியாயிற்று. மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்றரை. முதலில் எறும்பு. அட்டையைக் கையில் எடுக்கும் முன் சுவரோரம் ஊர்ந்த வரிசையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். "கால் எங்கேருந்து வருது?" இதைத் தவிர நான் ஒன்றும் கேட்கவில்லை. "வயித்துலேருந்து" என்றான் அவன். அவள் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, "இல்லடா, நடுவுலேருந்து" என்றாள்.

அதுதான் சரி. தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம். ஆறு காலும் மார்பில்தான். முட்டை அட்டையில் மூன்று குழிகளைச் சேர்த்து வெட்டிக் கொடுத்தேன். கறுப்பு பூசியது அவர்கள். நடுக்குழியில் பக்கத்துக்கு மூன்று ஓட்டை போட்டு, பஞ்சு சுற்றிய கம்பியைச் செருகினோம். உணர்கொம்பு இரண்டையும் நடுவில் மடக்க வேண்டும், எறும்புக்கு அப்படித்தான். சின்னவனின் எறும்புக்கு ஒன்பது கால். பிடுங்கச் சொல்லவில்லை. பிள்ளை செய்ததைப் பெரியவர்கள் கை வைத்துத் திருத்தினால் அது பிள்ளையின் பொம்மையாக இருக்காது.

ஜூன் 5

பொறிவண்டு. இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்புத் தாளில் ஒரு வட்டம் வரைந்து வைத்தேன். ஏழு புள்ளி வண்டுதான் வேண்டும் என்று அவள் படத்தைக் காட்டினாள். வட்டத்தை இரண்டாக வெட்டினால்தான் இறக்கை திறக்கும் என்றதும் அவளுக்குக் குழப்பம்: "ஏழை எப்படிம்மா ரெண்டு பக்கமும் சமமா வைக்கிறது?" படத்தையே மறுபடி பார்க்கச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டாள்! பக்கத்துக்கு மூன்று, ஏழாவது தலைக்குப் பின்னால், இரண்டு இறக்கையும் சேரும் கோட்டின் மேல். முதலில் புள்ளி வைத்து, பிறகு வெட்டியதால் அந்தப் புள்ளி பாதிப் பாதியாகப் பிரிந்தது. இறக்கையை மூடினால் முழுதாகிறது. நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

அந்தச் சிவப்பு இறக்கை பறப்பதற்கு இல்லை. அது மேல்மூடி, பறக்கும் மெல்லிய இறக்கை அதற்கடியில் மடிந்திருக்கும். அதற்கு டிஷ்யூ தாளை மடித்து ஒட்டினோம். தலைப்பக்கம் கால் விரியும் பித்தளைப் பின் ஒன்று போட்டால் மூடிகள் விலகும். சின்னவன் இந்த முறை தானாகவே கால்களை எண்ணி ஆறோடு நிறுத்திக்கொண்டான்.

ஜூன் 6

பசை காயட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஜூன் 9

பட்டாம்பூச்சி. தாளை மடித்து, ஒரு பக்கம் வண்ணம் சொட்டி, அழுத்தித் திறக்கும் பழைய முறைதான். அதிகம் எழுத ஒன்றுமில்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு இறக்கை வரும்படி வெட்டினால் போதும். கடையில் விற்கும் பெட்டிகளில் இறக்கை வயிற்றில் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இறக்கையும் மார்பில்தான். நிஜப் பட்டாம்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் என்ன என்று கேட்டாள். அவை நுண்ணிய செதில்கள், நிறமே அவற்றால்தான். அதனால்தான் பிடிக்க வேண்டாம், பார்ப்போம் என்கிறேன்.

ஜூன் 12

தட்டான். துணி கிளிப் உடம்பு, கண்ணாடித் தாளில் நான்கு இறக்கை. கண்ணுக்குத்தான் நேரம் பிடித்தது. சில தட்டான்களின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள் வரை உண்டு. பொட்டலம் கட்ட வரும் குமிழித் தாளில் பச்சை வண்ணம் தடவி, தாளில் ஒற்றி, பெரிய வட்டங்களாக வெட்டி, தலையின் மேல் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும்படி ஒட்டினோம். ஆடும் பிளாஸ்டிக் கண்களை நான் வாங்குவதில்லை. சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும். தவிர, எல்லாப் பூச்சிக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது.

ஜூன் 14

சிலந்தி கேட்டான் சின்னவன். எட்டுக் கால், உடம்பு இரண்டே பாகம், உணர்கொம்பு கிடையாது. "அப்போ இது பூச்சி இல்ல, தனிப் பெட்டியில வை" என்று அக்கா உத்தரவு போட்டாள். தேள் எந்தப் பெட்டி என்று அடுத்த கேள்வி. சிலந்தியோடுதான். முன்னால் நீட்டும் கிடுக்கி இரண்டும் கால் கணக்கில் சேராது, அவை போக எட்டுக் கால். வாலுக்கு ஐந்து கணு, நுனியில் கொடுக்கு. கணுவுக்கு அட்டைச் சுருளை வெட்டி வைத்துவிட்டேன். பசை தீர்ந்துவிட்டது, வாங்கி வந்ததும் ஆரம்பம்.