"கையப் புடிச்சிட்டான் மிஸ்ஸி"

தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் வார்டில் தாதியிடம் இப்படிச் சொன்னால், பிடித்தது கையை மட்டும்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது. நடந்தது வன்புணர்வாக இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல வாய் வராமல் அவர் நிறுத்தியிருக்கலாம். மொழிபெயர்க்க வந்தவர் அதைச் சிங்களத்தில் அப்படியே சொல்ல, 'கையைப் பிடித்ததாகக் கூறினார்' என்று பதிவானால் குற்றமே காணாமல் போய்விடும். இலங்கையின் மலையகத் தாதியருக்கான பயிற்சியை நாங்கள் இந்த வசனத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே, தமிழிலேயே எழுதுங்கள். பிறகு, "அப்புறம் என்னம்மா நடந்துச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். "அந்த நேரத்துல ஏன் அந்தப் பக்கம் போனீங்க?" என்ற கேள்வி வேண்டாம். அது வந்த நொடியே பேச்சு நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பவர் கணவராகவோ மாமியாராகவோ அதே தோட்டத்துச் சிற்றூழியராகவோ இருக்கக் கூடாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருமினாலே கேட்கும்; ஆஸ்பத்திரியில் சொன்னது அன்று மாலையே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். குற்றம் செய்தவரும் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். தமிழ் தெரிந்த தாதி அந்த ஷிப்டில் இல்லையென்றால், வேறு வார்டிலிருந்து ஒருவரை அழையுங்கள், அல்லது பெயரைச் சொல்லாமல் தொலைபேசியில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி கொடுக்கத்தான் மனம் வரும். ஆனால் வாய்வழி வன்முறை நடந்திருந்தால் வாயிலிருந்து மாதிரி எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும்; ஆகவே தடயப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், தாகத்தோடு காக்கவைக்காதீர்கள்.

உடைகளைத் தரையில் விரித்த சுத்தமான காகிதத்தின்மேல் நின்றுதான் களைய வேண்டும். உதிரும் முடியும் மண்ணும் அதில் தங்கும், அந்தக் காகிதத்தையும் மடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு உடைக்கும் தனிக் காகிதப் பை. பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், மரபணுத் தடயம் கெடும். மழைக்காலத்தில் உடை நனைந்தே வரும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள், ஹீட்டர் வேண்டாம். கைமாறும் ஒவ்வொரு தடவையும் பெயர், திகதி, நேரம், கையொப்பம். இதில் ஒன்று விடுபட்டாலும் நீதிமன்றத்தில் அந்தப் பையின் பெறுமதி குறையும். குளித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், தடயம் மிஞ்சியிருக்கக்கூடும்.

எந்தப் படிக்கும் அவர் மறுக்கலாம். பரிசோதனையே வேண்டாம் என்றாலும், பொலிஸுக்குப் போகமாட்டேன் என்றாலும் கீழே சொல்லும் மருந்துகளைக் கொடுக்க வேண்டும்.

'காயம் எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டுச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடற்காயம் அவசியமில்லை என்பதை 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையே சொல்கிறது. பெண்ணுறுப்பில் இரு விரல்களை விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது.

அவசர கருத்தடை மாத்திரை, லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், ஒரே தடவை. ஐந்து நாள்வரை கொடுக்கலாம் என்றாலும் முந்தினால்தான் பலன் அதிகம். குடித்து இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். நம் வளைவுப் பாதையில் பஸ் ஏறினால் வாந்தி வராதவர் குறைவு. ஆகவே வார்டிலேயே விழுங்க வைத்து, அந்த இரண்டு மணி நேரமும் இருத்தி வைத்து அனுப்புங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் குடிக்க வேண்டும். இந்த 28 நாளில்தான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். 'எல்லாரையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறோம்' என்று தாதியர் சொல்வது உண்மைதான். ஆனால் வாரநாள் காலைக் கிளினிக்குக்கு வந்தால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்பார், மாத்திரை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அனுப்பும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: மாத்திரையை எங்கே வைப்பீங்க? யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? எந்த நாள் வர முடியும்? அவர் சொல்லும் நாளையே கிளினிக் அட்டையில் எழுதுங்கள். அட்டையில் காரணம் எழுத வேண்டாம்.