டிரில் மாஸ்டரின் பலக் கணக்கு

நம் பள்ளியின் விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் கால்பந்துதான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி எழுத நம் முன்னாள் மாணவர்களின் இந்த மலரில் ஆட்களுக்குக் குறைவில்லை. நான் எழுத நினைப்பது பள்ளியின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையைப் பற்றி. 1960களின் தொடக்கத்தில் ரங்கூனில் நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் உடல் வலிமையை எப்படி மதிப்பிடுவது என்பதை நான் கற்றது அங்கேதான். அதன் பிறகு எத்தனையோ உடற்பயிற்சிக் கூடங்களைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்த இடம் வேறொன்றில்லை.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு பார். இன்செயின் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு மாணவனின் அப்பா கொண்டுவந்து கொடுத்த இரும்புத் தண்டு அது. தட்டுகள் வார்ப்பிரும்பு. வார்த்தவர் அவற்றை அரிசிக்கடைத் தராசில் நிறுத்து, வீசைக் கணக்கில் எண்ணை உளியால் கொத்திக் கொடுத்திருந்தார். பர்மாவில் ஒரு வீசை என்பது ஏறத்தாழ 3.6 ராத்தல் (ராத்தல் என்பது பவுண்டு). ஆகவே 10 என்று கொத்திய தட்டு 36 ராத்தல் இருக்கும். போட்டி எடைகள் எல்லாம் ராத்தலிலோ கிலோவிலோ இருந்ததால், தூக்குவதற்கு முன்னால் மனக்கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கைத் தப்பாகச் சொன்னவனை அன்றைக்குப் பாரைத் தொடவே டிரில் மாஸ்டர் விடமாட்டார். கை வழுக்காமலிருக்க, வகுப்பறைகளில் மிஞ்சிய சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பொடித்து ஒரு பால் டின்னில் வைத்திருப்போம்.

டிரில் மாஸ்டர் ராமநாதபுரத்துக்காரர். கர்லாக்கட்டையும் சிலம்பமும் ஊரில் கற்றவர்; பளுதூக்கலை ரங்கூனுக்கு வந்த பிறகு பர்மியப் பயில்வான்களிடம் கற்றுக்கொண்டார். குள்ளமான, அகன்ற உடம்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பையன்களுக்குள் "யார் பெரிய பலசாலி" என்று சண்டை வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே சொல்: "எதில்?" அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

தன் ஊர்க் கோயிலடியில் கிடந்த இளவட்டக்கல்லைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். உருண்டையான கல். பிடிக்க இடமே இருக்காது. முதலில் குந்தி அதைத் தொடைமேல் ஏற்ற வேண்டும். பிறகு நெஞ்சோடு அணைத்து நிமிர வேண்டும். பிறகு தோளில் ஏற்றிப் பின்புறமாகத் தள்ள வேண்டும். கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்று ஊரில் வழக்கம் உண்டு. "ஆனால் கல்லை முழங்கால்வரை ஏற்றியவன் வேறு, நெஞ்சுவரை ஏற்றியவன் வேறு, தோளில் ஏற்றியவன் வேறு. ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தோற்றான், ஜெயித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள்" என்பார்.

அந்தக் காலத்தில் போட்டிப் பளுதூக்கலில் மூன்று வகைகள் இருந்தன: பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். மூன்றின் எடைகளையும் கூட்டித்தான் வெற்றியாளர் யார் என்று சொல்வார்கள். பிரஸ் என்றால் பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து, காலை மடக்காமல், தோளும் கையும் மட்டுமே கொண்டு தலைக்கு மேல் உயர்த்துவது. ஸ்னாட்ச், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது; அதற்கு வேகமும் தோள்மூட்டின் நெகிழ்ச்சியும் வேண்டும். ஜெர்க்கில் முதலில் தோளுக்கு, பிறகு கால்களை உதைத்துத் தலைக்கு மேலே. அதிக எடை ஏறுவது இதில்தான். எங்களுக்கு இவை போதாதென்று, பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட்டையும், தரையிலிருந்து இடுப்பு மட்டத்துக்கு நிமிரும் டெட்லிஃப்ட்டையும் மாஸ்டர் சேர்த்துக்கொண்டார்.

1961 டிசம்பரில் தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுகள் ரங்கூனில் நடந்தபோது எங்களை அழைத்துச் சென்று பளுதூக்கலைக் காட்டினார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஸா வெய்க்கின் கதையைச் சொன்னார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பளுதூக்கிய பர்மியர் அவர். 1937இல்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதால் இந்திய அணியில் போனார். வகுப்பில் வரலாற்றுப் பாடம் கேட்டதைவிட அன்றைக்குக் கூர்ந்து கேட்டோம்.

இனி, நான் எழுத வந்ததன் நடுப்பகுதி. எங்கள் மேல்வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார்; முகல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். 140 ராத்தல் உடம்பு, 150 ராத்தல் பிரஸ் செய்வார். பள்ளியில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரும் அதை அறிந்தே நடப்பார். ஒரு சனிக்கிழமை டிரில் மாஸ்டர் ஸ்ட்ராண்ட் ரோட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரை அழைத்து வந்தார். மாஸ்டரின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். மெலிந்த ஆள், உடம்பெல்லாம் நரம்பு. தோள்பட்டையில் மூட்டை உரசி உரசித் தோல் தடித்துக் கறுத்திருந்தது. வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ளே வா தம்பி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காட்டு" என்றார் மாஸ்டர்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே ஐயா."

"பழக்கமில்லை என்பதால்தான் கூப்பிட்டேன்."

பிரஸ்ஸில் 100 ராத்தலைத் தாண்டியதும் அவர் கை நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்னாட்ச்சில் அதைவிடக் குறைந்த எடையிலேயே பார் முன்னால் விழுந்தது. சின்னப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணிக்கடைக்காரர் மகன் மரியாதையாகத்தான் நின்றார். ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மாஸ்டர் எதுவும் சொல்லாமல் கொட்டகையில் இருந்த தட்டு முழுவதையும் பாரில் ஏற்றச் சொன்னார். 300 ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எங்கள் சாம்பியனுக்கு அது முழங்காலைத் தாண்டி நகரவில்லை, விரல்கள் விரிந்துவிட்டன. துறைமுகத்துக்காரர் குனிந்தார், பிடித்தார், நிமிர்ந்தார். முகம்கூடச் சுருங்கவில்லை. பாரைப் பிடித்தபடியே, "இதற்கு மேல் இரும்பு இல்லையா ஐயா?" என்று கேட்டார்.

அடுத்து, கொட்டகை மூலையில் மாஸ்டர் வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டை. இருநூறு ராத்தலுக்குக் குறையாது. இரண்டு பேர் கைகொடுக்க, அதை முதுகில் ஏற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் நாள் முழுவதும் நடக்கிறவர். கட்டாந்தரை அவருக்கு ஒரு பொருட்டா? எங்கள் சாம்பியனும் மூட்டையை ஏற்றிக்கொண்டார். சில அடிகள் வைப்பதற்குள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மாஸ்டரே ஓடிவந்து மூட்டையைத் தாங்கிக்கொண்டார்.

"இப்போது சொல்லுங்கள், யார் பலசாலி?" என்றார். எங்களில் யாரோ ஒருவன், "எதில் சார்?" என்றான். மாஸ்டர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

துறைமுகத்துக்காரர் தோற்றது அவர் பலவீனர் என்பதால் அல்ல. முதுகும் பிடியும் கால்களும் ஆண்டுக்கணக்கில் மூட்டைக்குப் பழகியவை. தலைக்கு மேலே எதையும் தள்ளும் வேலை அவருக்கு என்றுமே இருந்ததில்லை. சாம்பியனுக்கு நேர் எதிர். யாருக்கு எந்த வேலையில் உடம்பு பழகியதோ அந்த வேலையின் பலமே அவருக்கு இருக்கும். ஒரே ஒரு எண்ணைக் கொண்டு ஒருவரை எடைபோடுவது ஏன் அநியாயம் என்று அன்று கண்ணால் கண்டோம். எனக்கு இன்றைக்கும் இதில் மாற்றுக் கருத்தில்லை. பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளுவது) எவ்வளவு என்று மட்டும் கேட்டு ஆளை மதிப்பிடும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதே இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் மாஸ்டர் நீள நோட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பக்கம். பிரஸ், ஸ்னாட்ச், ஜெர்க், ஸ்குவாட், டெட்லிஃப்ட், மூட்டை நடை என்று கோடு போட்ட பத்திகள். அவற்றோடு உயரம், கை நீளம், தொடை நீளம். எதற்கு இந்த அளவெல்லாம் என்று கேட்டோம். கை நீண்டவனுக்கு டெட்லிஃப்ட்டில் பார் நகர வேண்டிய தூரம் குறைவு. அதே ஆளுக்குப் பிரஸ்ஸில் தூரம் அதிகம். தொடை நீண்டவன் குந்தும்போது உடம்பு முன்னால் சாய்ந்து முதுகில் சுமை ஏறுகிறது. குட்டைத் தொடைக்காரன் நிமிர்ந்தே எழுந்துவிடுவான். எனக்குத் தொடை குட்டை, ஸ்குவாட் கைகொடுத்தது. என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கை முழங்கால் வரை நீளும். டெட்லிஃப்ட்டில் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. எலும்பு தந்தது எவ்வளவு, உழைப்பு தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த நோட்டு உதவியது.

அதில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. ஸ்னாட்ச்சில் தூக்கும் எடை, ஜெர்க்கில் தூக்கும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இருக்க வேண்டும் என்பார். அதைவிட மிகக் குறைந்தால் பலம் இருக்கிறது, வித்தை போதவில்லை. மிஞ்சினால் வித்தை இருக்கிறது, காலில் பலம் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதைப் பின்னாளில் தொலைக்காட்சியில் போட்டிகளைப் பார்க்கும்போது கண்டேன். 1988 சோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு ஸ்னாட்ச்சில் 152.5 கிலோவும் ஜெர்க்கில் 190 கிலோவும் தூக்கினார்; சரியாக ஐந்தில் நான்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. நம் வேலூர்ப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது 149, 179. அன்றைக்கு நான் காகிதத்தில் வகுத்துப் பார்த்து, மாஸ்டர் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

உடல் எடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ரங்கூனின் கம்பைப் பகுதியிலிருந்து வந்த ஒரு பொடியன், 100 ராத்தல்கூட இல்லாதவன், தன் எடையைவிட நன்றாகவே அதிகம் ஜெர்க் செய்வான். அவனைவிடப் பருத்தவர்கள் அதிக எடை தூக்கினார்கள், ஆனால் தங்கள் உடம்போடு ஒப்பிட்டால் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். அதற்காக உடல் எடையால் வகுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் மாஸ்டர் சொல்லவில்லை. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடம்பு எல்லாப் பக்கமும் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. எனவே உடல் எடையால் வெறுமனே வகுப்பது சிறியவனுக்குச் சாதகம், தூக்கிய எடைகளை வெறுமனே கூட்டுவது பெரியவனுக்குச் சாதகம். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பிற்காலத்தில் பளுதூக்கலுக்குக் கனடாவின் ராய் சின்க்ளேரும், ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்த பவர்லிஃப்டிங்குக்கு ஆஸ்திரேலியாவின் ராபர்ட் வில்க்ஸும் சூத்திரங்கள் வகுத்தார்கள்.

1965இல் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ்ப் பாடம் போயிற்று, கொட்டகையும் போயிற்று. நாங்கள் கப்பலேறி ஆளுக்கொரு திசையில் சிதறியது இந்த மலரில் ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டுள்ளது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு போட்டிகளிலிருந்து பிரஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள். தூக்குகிறவர்கள் முதுகைப் பின்னால் வளைத்து வளைத்து, அது தோளின் பலமா இடுப்பின் பலமா என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியாமல் போனதுதான் காரணம். முடிவு சரியே, எனினும் பள்ளிப் பையன்களுக்கு ஒழுங்காக நின்று செய்யும் பிரஸ் இன்றும் நல்ல பயிற்சி என்பதே என் எண்ணம்.

நமக்கெல்லாம் வயது எண்பதை நெருங்குகிறது. பலத்தை அளப்பது இளைஞர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் கைப்பிடியின் பலத்தை அளந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பிடி தளர்ந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று காட்டியது. ஆகவே செயற்குழுவுக்கு என் கோரிக்கை இது. அடுத்த ஒன்றுகூடலில் நாற்காலிப் போட்டியோடு நிறுத்தாமல், மூன்று சோதனைகள் வையுங்கள்: பிடிமானியை (கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி) அழுத்துவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறோம் என்று பார்ப்பது, இரண்டு கைகளிலும் அரிசிப் பை ஏந்தி மண்டபத்தைச் சுற்றி நடப்பது. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், கூட்டிப் பரிசு கொடுக்க வேண்டாம். பிடிமானியை நான் வாங்கித் தருகிறேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.