சாப்பாட்டு நேரமும் குளிசை நேரமும்

மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் நீரிழிவு கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றும் எனக்கு, மருந்தியலில் மனனம் செய்த ஐந்து சரிகளில், அதாவது சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்பவற்றில், கடைசியாக வரும் நேரமே அதிகம் வேலை வைக்கிறது. வைத்தியசாலை விடுதியில் இந்த ஐந்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் ஐந்தும் நோயாளியின் பொறுப்பாகிவிடுகின்றன. அவரிடம் இருப்பதோ கடதாசி உறையில் போட்ட குளிசைகளும் கிளினிக் கொப்பியும்தான்.

உறையில் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருக்கும். வாவியில் இரவு முழுவதும் வலைபோட்டு விடியப்புறம் கரைசேர்பவருக்கு எது இரவுச் சாப்பாடு? வேளாண்மை வெட்டுக் காலத்தில் வெறும் தேநீரோடு வயலுக்கு இறங்கும் படுவான்கரைப் பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு? நீரிழிவுக் குளிசைகளில் மெட்போமின் மட்டும் பாவிப்பவரென்றால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவை அப்படியல்ல. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். கிளிபென்கிளமைட்டின் விளைவு நீண்டநேரம் நிற்பதால், முதியவர்களுக்கும் சிறுநீரகப் பாதிப்புள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வரும் நாளில் இது கண்கூடாகத் தெரியும். சாப்பிடாமல் வரச்சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்து, குளிசையை விடச்சொல்லவில்லையே என்று அதையும் விழுங்கிவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் வியர்த்து நிற்பவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை; அவருக்குக் கிடைத்ததே பாதி அறிவுறுத்தல்தான்.

அந்த வியர்வையைத்தான் நான் முதலில் படிப்பிக்கிறேன். கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சீனி இறங்குவதன் அறிகுறிகளே என்றாலும், பிறசருக்கு அட்டெனலோல் போன்ற மருந்து எடுப்பவரிடம் அவை மறைந்துபோகலாம். வியர்வை பெரும்பாலும் மறைவதில்லை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்தும் தணியாவிட்டால் மீண்டும் குடித்து, தணிந்தபின் சாப்பிடவேண்டும் என்றதும், "சீனி வருத்தத்துக்குச் சீனியா மிஸ்?" என்று ஓர் அம்மா சிரித்தார். நியாயமான கேள்விதான். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் வீட்டாருக்குச் சேர்த்தே சொல்லவேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து நோயாளிகளுக்கு றமழான் மாதத்தில் நாள் முழுவதுமே இடம்மாறிவிடுகிறது. காலை அளவை அப்படியே ஸஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பாட்டுக்கு, மாற்றிக்கொள்பவர்கள் பகலில் சீனி இறங்கித் தடுமாறலாம். நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் காட்டி அளவை மாற்றிக்கொள்ளவேண்டும் என்றும், சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நோன்பை விடவேண்டும் என்றும் சொல்கிறோம். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை மௌலவி சொல்லும்போது, நான் சொல்வதைவிட விரைவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

"விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "ஓம்" என்றே சொல்வார்கள். ஆகவே நேற்று எத்தனை மணிக்கு எதைச் சாப்பிட்டார், எப்போது எந்தக் குளிசையைப் போட்டார் என்று அவரையே சொல்லவைக்கிறேன். அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை என்பதால், அந்த நேரங்களைக் கிளினிக் கொப்பியில் குறித்து, அவர் மருந்து எழுதுமுன் கண்ணில் படும்படி அந்தப் பக்கத்தைத் திறந்தே உள்ளே அனுப்புகிறேன்.