பதினொன்று நாற்பதா, பன்னிரண்டு பத்தா?

துக்கத்திலிருந்து எழுதப்பட்ட கைப்பிரதியைச் செம்மையாக்குவதுதான் பதிப்பக வேலையிலேயே கடினமானது. அதில் ஒற்றுப்பிழையைத் திருத்துவதற்குக்கூடக் கை தயங்கும். அந்தத் துக்கம் பழிவாங்கும் கதையாகவும் வளர்ந்து, பழிக்கு ஆளாகும் பாத்திரம் ஊரில் நடமாடும் ஒருவரின் சாயலிலும் இருந்துவிட்டால், இலக்கணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. அப்படியொரு நாவலில் வேலை செய்ததைப் பற்றி, எழுதியவரின் சம்மதத்தோடும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இங்கே எழுதுகிறேன்.

மகனை மருத்துவமனையில் பறிகொடுத்த தாய் ஒருத்தி, அன்றிரவு பணியில் இருந்த மருத்துவரின் வீட்டிலேயே அடையாளத்தை மறைத்துச் சமையல் வேலைக்குச் சேர்கிறாள் என்பது கதை. எழுதியவரும் மகனை இழந்தவர்தான். சமையல் வேலைக்குப் போனது மட்டும் கற்பனை, மற்றதெல்லாம் நடந்தது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். நடை சுத்தமாக இருந்தது. மருத்துவமனை வராந்தாவைப் பற்றிய பக்கங்களில் எனக்குத் திருத்த ஒன்றுமே இல்லை. ஆனால் திகில் நாவலாக அது நிற்கவில்லை. மருத்துவர் முதல் வரியிலேயே குற்றவாளி, தாய் கடைசி வரி வரைக்கும் நியாயவாதி. தீர்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு விசாரணையைப் படிக்கச் சொன்னால் வாசகர் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவார்? தன்வரலாறு தன்னை நம்பச் சொல்கிறது. உளவியல் திகிலோ, கதை சொல்பவரையே சந்தேகிக்கச் சொல்கிறது. ஒரே குரலில் இரண்டையும் கேட்கவைப்பதில்தான் இந்த வகை நாவலின் பாடு அத்தனையும் இருக்கிறது.

வழி கிடைத்தது ஒரு சாதாரணச் சரிபார்ப்பில். மூன்றாம் அத்தியாயத்தில் செவிலியர் தாயை அழைத்த நேரம் 11.40. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே அழைப்பு 12.10க்கு வருகிறது. வழக்கம்போல் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். “11.40தான் தம்பி, ரெண்டு இடத்துலயும் அதையே போட்டுடுங்க” என்றார் தொலைபேசியில். பிறகு அவரே அழைத்து, “கேஸ் ஷீட்டுல ஒரு நேரம் இருக்கு, என் மனசுல ஒரு நேரம் இருக்கு. எது சரின்னு எனக்கே தெரியல” என்றார். அப்படியானால் இரண்டையும் இருக்கவிடுங்கள் அம்மா, இந்த முரண் கதை சொல்பவளுக்கும் தெரியட்டும் என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகன் இறந்த நேரத்தைக் கதைக்கான உத்தியாக மாற்றச் சொல்வது எத்தனை கொடுமையானது என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

ஆனால் அடுத்து வந்த வடிவத்தில் அந்த அரை மணி நேரம்தான் நாவலாகியிருந்தது. அப்போது தாய் எங்கே இருந்தாள்? கேன்டீனுக்குப் போயிருந்தாளா, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாளா? மருத்துவரின் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அவள் அந்த இரவை ஒவ்வொரு முறையும் சற்று வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறாள். யாரைத் தண்டிக்க வந்திருக்கிறாள் என்பது அவளுக்கே மங்கத் தொடங்குகிறது. மருத்துவர் நல்லவராகிவிடவில்லை, கெட்டவராக இருந்தாக வேண்டிய கட்டாயம் மட்டும் அவருக்கு நீங்கியிருந்தது.

பிரெஞ்சில் இந்த வழியில் நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள். செர்ஜ் துப்ரோவ்ஸ்கி 1977இல், சொந்த வாழ்க்கையையே புனைவாக்கிய தன் நாவலைத் தன்புனைவு என்று அழைத்து இந்த வகைக்கே பெயர் கொடுத்தார். பிறகு மனைவியோடு வாழ்ந்த வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மனைவி இறந்துபோக, 1989இல் வெளிவந்த அந்தப் புத்தகம் அவர் எழுத்தின் மீதே ஒரு குற்றச்சாட்டாக நின்றது. தெல்ஃபின் த விகான் 2011இல் தன் தாயின் தற்கொலையைப் பற்றி எழுதினார். 2015இல் எழுதிய திகில் நாவலில், அப்படியொரு புத்தகத்தை எழுதிவிட்டு முடங்கிப்போன தெல்ஃபின் என்ற எழுத்தாளரையே நாயகியாக வைத்தார். இனி உண்மையை மட்டுமே எழுது என்று நச்சரித்தபடி அவள் வாழ்க்கைக்குள் நுழையும் பெண், பிறருக்காகத் தன்வரலாறு எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவள் என்பது, என்னைப் போன்ற திரைமறைவு ஊழியர்களைக் கொஞ்சம் கூச்சப்படவைக்கும் ஏற்பாடுதான்.

மாற்றிய வடிவம் வழக்கறிஞரிடம் போனது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை எழுத்தாளர்களிடம் பரவலாக உண்டு, அது சரியல்ல. ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி 1932இல் வந்த ஹாலிவுட் படத்தில் இளவரசியின் பெயரை நதாஷா என்று வைத்திருந்தும், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குத் தொடுத்து வென்றார். எம்ஜிஎம் நிறுவனத்துக்கு எதிராக 25,000 பவுண்டு இழப்பீடு தீர்ப்பானது. சம்பவங்களும் பாத்திரங்களும் கற்பனையே என்ற அறிவிப்பு படங்களில் வழக்கமாகப் பரவியது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. அதில் உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். பாத்திரத்தை யாரென்று வாசகர் கண்டுகொள்ள முடிகிறதா என்பதே வழக்கறிஞரின் முதல் கேள்வி. ஊர், துறை, மருத்துவமனையின் மாடிகள் என்று ஒவ்வொன்றாக மாறின. கதை சொல்பவளே தன் நினைவைச் சந்தேகிப்பதால் இந்த வடிவத்தில் ஆபத்து குறைவு என்று அவர் சொன்னபோது, கலைக்காகச் செய்த மாற்றம் சட்டத்துக்கும் உதவியதில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

சிக்கல் வந்தது சமர்ப்பணப் பக்கத்தில். மகனின் முழுப்பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும் அங்கே இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டால் உள்ளே மாற்றியதெல்லாம் வீண். விற்பனைப் பிரிவோ பின்னட்டையில் ‘உண்மைச் சம்பவம்’ என்று போடத் துடித்தது. இரண்டும் வேண்டாம் என்று எழுதியவருக்கும் விற்பனைப் பிரிவுக்கும் எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விற்பனைப் பிரிவு முணுமுணுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அவர் தேதிகளை நீக்கச் சம்மதித்து, வீட்டில் அழைத்த செல்லப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். முதல் வடிவம்தான் உண்மை, இது புத்தகம் என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.